பனிநாட்டுப் பெட்டி இலக்கணம்

பாயிரம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் பொருளுக்கும் யாப்புக்கும் அணிக்கும் இலக்கணம் கண்ட மொழியில் பெட்டி கட்டுவதற்கு ஓர் இலக்கணம் இல்லை. முன்னோரைக் குறை சொல்வதற்கில்லை. நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்த காலத்தில், ஆண்டில் பாதி நாள் வெள்ளைவெளேர் என்று கிடக்கும் நிலம் எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. முன்பனி, பின்பனி என்று பருவம் இரண்டு வைத்தார்கள். இரண்டையும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே கடந்துவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின்லாந்து போகிறார்கள். துண்டு போதாது. ஆகவே இந்நூல்.

நூல் என்றால் பாயிரம் வேண்டும்; பாயிரம் என்றால் எட்டு உறுப்பு வேண்டும். ஆக்கியோன் பெயரால் யாருக்கும் பயனில்லை, விடுவோம். நூற்பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. எல்லை: வடக்கே உட்ஸ்யோகி, தெற்கே ஹெல்சிங்கி விமான நிலையம், நடுவே லாப்லாந்தின் தலைநகரான ரோவனியெமி. வழி: உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல்தான் இத்துறையில் முதல்நூல், அதனோடு முரண்படும் இடங்களிலெல்லாம் இது வழிநூல். யாப்பு: வீட்டில் பெட்டியை மூடும்போது தொகுத்தல், ஓட்டல் அறையில் திறக்கும்போது விரித்தல், சுங்க அதிகாரி திறந்து நாம் மூடும்போது தொகைவிரி. நுதலிய பொருள்: 23 கிலோ. கேட்போர்: ஊட்டியைத் தாண்டிக் குளிர் காணாதவர். பயன்: கைவிரல் பத்தும் கால்விரல் பத்தும் போனபடியே திரும்பி வருதல்.

குளிரியல்

ஈரம் உலர்வு காற்று நிலையெனக்
குளிரொரு நான்கே, கேள்வியோ டைந்தே.

இதன் பொருள்: ஈரக்குளிர், உலர்குளிர், காற்றுக்குளிர், நிலைக்குளிர் எனக் குளிர் நால்வகைப்படும், கேள்விக்குளிரைச் சேர்த்தால் ஐந்து என்றவாறு.

ஈரக்குளிர் என்பது பூஜ்ய டிகிரியை ஒட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஊசலாடுவது. ஹெல்சிங்கி கடலோர நகரம் என்பதால் அங்கே இது மிகுதி. விழும் பனி தோளில் பட்டதும் உருகும். தெருவில் கிடப்பது சேறும் பனியும் கலந்த கூழ். பூஜ்யம்தானே என்று இதை அலட்சியம் செய்பவர் காலணி நனைந்து, காலுறை நனைந்து, மாலைக்குள் தும்மத் தொடங்குவார். உலர்குளிர் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கியபின் வருவது. அப்போது பனி மாவாக இருக்கும். உள்ளங்கையில் அள்ளி அழுத்தினாலும் உருண்டை பிடிக்காது, தோளில் விழுந்ததைத் தட்டினால் உதிர்ந்துவிடும். எண்ணைப் பார்த்தால் இது கொடியது. தக்க உடை உடுத்தியவர் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் கேட்பார். ரோவனியெமியில் ஜனவரிச் சராசரி மைனஸ் 10ஐ ஒட்டியது. மைனஸ் 25, 30 என்று இறங்கும் நாட்களும் உண்டு.

காற்றுக்குளிர் கணக்கில் வரும் குளிர். அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்லஸ் பாசலும் 1940-41இல் அண்டார்க்டிக்காவில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளையை வெளியே தொங்கவிட்டு, எவ்வளவு காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்துக் குறித்தார்கள். அதிலிருந்து கிளைத்த கணக்கைத் திருத்தி 2001 முதல் கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்துகின்றன. மைனஸ் 20இல் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த முகத்துக்கு அது மைனஸ் 30. காற்றே இல்லாத நாளில் பனி ஸ்கூட்டர் ஏறுபவர் தமக்கான காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார் என்பதையும் இங்கே கொள்க.

நிலைக்குளிர் நிற்பவருக்கு உரியது. நடப்பவர் உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நின்றால் அது அடங்கிவிடும். வடதுருவ ஒளியைப் பார்க்க நள்ளிரவில் உறைந்த ஏரிமீது போய் நிற்பவர், வானத்தில் பச்சை தெரியும்வரை அசையமாட்டார். பகலில் அதே உடையில் வியர்த்தவர் இரவில் பல் கிட்டி நிற்பது இதனால்தான்.

ஐந்தாவதாகிய கேள்விக்குளிர் காதால் கேட்கப்படுவது. “மூக்கு கையோட வந்துடுமாம்” என்று ஓர்ப்படியின் தங்கை சொன்னதாக அத்தை சொன்னது இவ்வகை. பின்லாந்தில் இதுவரை பதிவானவற்றில் மிகக் கடுங்குளிர் மைனஸ் 51.5 டிகிரி, கிட்டிலா வட்டாரத்துப் போக்கா என்னும் சிற்றூரில், 1999 ஜனவரி 28 அன்று. அந்த ஒரு நாளுக்காக இன்றுவரை நம் வீடுகளில் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருக்கிறோம். முதல் நான்கு குளிரும் உடம்பைத் தாக்கும். ஐந்தாவது பெட்டியைத் தாக்கும். ஒரு பெட்டியின் எடையில் பாதிக்குக் காரணம் இந்த ஐந்தாவது என்பதே இந்நூலின் துணிபு. இனி வரும் இயல்களெல்லாம் அதை நிறுவுவதற்கே.

தோற்றவியல்

சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது போலவே பெட்டிக்குள் போகும் பொருளையும் பகுக்கலாம்.

இயற்பொருள், வீட்டில் ஏற்கெனவே இருப்பது: மார்கழிக் கச்சேரிக்கும் விடியற்காலை நடைக்கும் அணியும் குரங்குக் குல்லாய், மப்ளர், ஒரு சால்வை. சென்னையில் 20 டிகிரிக்குக் கீழே போனதும் வெளியே வரும் இவற்றைக் கேலி செய்ய வேண்டாம். காதையும் கழுத்தையும் ஒருசேர மூடும் குரங்குக் குல்லாய் லாப்லாந்திலும் செல்லும். அங்கே அதற்கு வேறு பெயர் வைத்து அதிக விலைக்கு விற்கிறார்கள்.

திரிபொருள், வேறு பயனுக்கு இருந்ததைத் திரித்துக்கொள்வது: அப்பா 1980களில் டெல்லியில் வேலை பார்த்தபோது தைத்த கம்பளிக் கோட்டு, ரயிலில் கொண்டுபோகும் போர்வை. கோட்டு கனம் மிகுந்தது, தோளில் இறுக்குவது, உள்ளே இன்னொன்று போட இடமில்லாதது. உணர்ச்சிவசப்படாமல் அலமாரியிலேயே விடுக.

வடபொருள், வடக்கிலிருந்து வருவது. குளிர்காலம் தொடங்கியதும் நம் நகரங்களில் திபெத்தியர் கடை விரிக்கிறார்களே, அந்த ஸ்வெட்டர். பெரும்பாலும் லூதியானாவில் பின்னியது, பெரும்பாலும் அக்ரிலிக். இதனாலும் பயன் உண்டு. ஆனால் எந்த இடத்தில் என்பது உடையியலுள் காண்க.

திசைப்பொருள், போன இடத்தில் வாங்குவது. விலை யூரோவில் இருப்பதால் இதைக் கண்டாலே நமக்கு இரத்தக் கொதிப்பு. எனினும் பனிக்காலணி போன்ற சிலவற்றுக்கு இதுவே சரி. காலணி விற்பவர் அந்தக் குளிரில் தாமே நடப்பவர், தெரிந்து விற்பார்.

இந்நான்கும் போக ஐந்தாவதாக இரவற்பொருள் உண்டு. இதை அறியாமல் போவோர் மிகப் பலர். லாப்லாந்தில் பனி ஸ்கூட்டர், நாய்ச்சறுக்கு வண்டி போன்ற சவாரிகளுக்கு ஆள் கூட்டிப்போகும் நிறுவனங்கள், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் தடித்த முழு அங்கி, காலணி, கையுறை ஆகியவற்றைச் சவாரிக் கட்டணத்திலேயே கொடுத்துவிடுவது வழக்கம். இது தெரியாமல் இங்கிருந்து ஆறு கிலோ உடை சுமந்து போனவர், அதை ஓட்டல் அறையில் மாட்டிவிட்டு இரவல் அங்கியில் படம் எடுத்துக்கொள்கிறார். முன்பதிவு செய்யும்போதே “உடை தருவீர்களா?” என்று ஒரு வரி கேட்டு எழுதுக.

உடையியல்

அகமே அகப்புறம் புறமே புறப்புறம்
எனநால் வகைத்தே எடுத்தணி உடையே.

அகம் என்பது தோலை ஒட்டியது. பிறர் காணாதது, ஆயினும் எல்லாவற்றிலும் தலையாயது. இதன் தொழில் சூடு தருவதன்று, வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுவது. இவ்விடத்தில் பருத்தி கூடாது. திருப்பூர்ப் பனியனை உலகமே உடுத்துகிறது. நமக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேட்டில் ஏறும்போது நனைந்த பனியன், உச்சியில் நிற்கும்போது நம்மிடமிருந்தே வெப்பத்தை உறிஞ்சி வெளியே அனுப்பும். மெரினோ ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்தது போலவே இருக்கும். நாற்றமும் எளிதில் பிடிக்காது. ஆகவே மேலுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு போதும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். கம்பளி அரிக்கும் என்பவர் பாலியெஸ்டரில் வரும் தெர்மல் வாங்கலாம். துவைக்க மட்டும் சோம்பக்கூடாது.

அகப்புறம் காற்றைச் சிறைப்பிடிப்பது. ஃபிளீஸ் சட்டையும் மேற்சொன்ன லூதியானா ஸ்வெட்டரும் இங்கே அடங்கும். குளிரைத் தடுப்பது துணியின் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான்; துணி அதைப் பிடித்து வைக்கும் வேலைக்காரன். இதை நார்வேக்காரர் ஒருவர் உலகுக்குக் காட்டினார். ஹென்ரிக் புருன் என்னும் படை அதிகாரி 1933இல் மீன்வலையிலிருந்து உள்சட்டை ஒன்று செய்தார். ஓட்டையே பெரும்பகுதியான அந்தச் சட்டை, மேலே ஒன்றைப் போட்டு மூடியதும், ஒவ்வொரு ஓட்டையிலும் காற்றை நிறுத்திக் கதகதப்பைத் தந்தது. வலைச்சட்டை இன்றும் அங்கே விற்பனையில் இருக்கிறது.

புறம் என்பது சிறகடைத்த கோட்டு. 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு ஜார்ஜ் பிஞ்ச், பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் மென்சிறகை அடைத்துத் தைத்த கோட்டுடன் போனார். ட்வீட் கோட்டும் கம்பளிச் சட்டையுமாக வந்த மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மேலே போகப் போகச் சிரிப்பு நின்று பொறாமை வந்தது. சிறகுக்கோட்டின் குறை ஒன்றே: நனைந்தால் சிறகு ஒட்டிக்கொள்ளும், உப்பல் போய்விடும், கதகதப்பும் போய்விடும். ஆகவே உலர்குளிருக்கு இதுவும், ஈரக்குளிருக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்ததும் கொள்க. காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் பையில் போட்டு அப்பளமாக்கிக் கொண்டுபோகலாம். போய்ச் சேர்ந்ததும் பிரித்து உதறித் தொங்கவிட வேண்டும்.

புறப்புறம் காற்றையும் ஈரத்தையும் வெளியே நிறுத்தும் மெல்லிய மேலுறை. இது தானாகச் சூடு தராது. உள்ளே இருக்கும் சூட்டைக் காற்று அள்ளிப்போகாமல் காக்கும்.

இங்கே இரு கட்சியார் எதிர்ப்படுவர். ஒரு சாரார், “எதற்கு நான்கு? தடியாக ஒரே கோட்டு போதும்” என்பர். அது பொருந்தாது, என்னையெனின், பின்லாந்தில் வெளியே மைனஸ் 25 என்றால் உள்ளே 21, 22. கடைக்குள் நுழைந்தால், பேருந்தில் ஏறினால், அருங்காட்சியகத்துக்குள் போனால் 45 டிகிரிக்கு மேற்பட்ட வேறுபாட்டை நொடியில் தாண்டுகிறோம். தடிக்கோட்டின் உள்ளே ஒரு சட்டை மட்டும் போட்டவர், கோட்டோடு இருந்தால் வியர்ப்பார், கழற்றினால் அதைச் சுமக்க ஆள் தேடுவார். நான்கடுக்கு உடுத்தவர் வேண்டியதைக் கழற்றி வேண்டியதை வைத்துக்கொள்வார். மற்றொரு சாரார், “நான்கு நல்லது என்றால் எட்டு இன்னும் நல்லது” என்பர். அதுவும் பொருந்தாது. இறுக்கி அடைத்தால் இடையில் காற்றுக்கு இடமில்லை. காற்று இல்லையேல் கதகதப்பும் இல்லை. கை மடங்காமல் நிற்பது மட்டும் மிச்சம்.

உடையின் கதகதப்பை அளக்க அலகும் உண்டு. கேகி, பர்ட்டன், பாசெட் ஆகிய மூவர் 1941இல் வகுத்த அதன் பெயர் கிளோ. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவரைச் சுகமாக வைக்கும் உடை ஒரு கிளோ; கோட்டும் சூட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். காற்சட்டையும் அரைக்கைச் சட்டையும் ஏறத்தாழ அரை கிளோ. கிளோ வேறு, கிலோ வேறு. நம்மவர் பெட்டியில் முன்னது குறைவாகவும் பின்னது மிகுதியாகவும் இருப்பதே வழக்கம்.

அறைக்குள் 22 டிகிரி என்பதால் லுங்கியும் நைட்டியும் மெல்லிய சட்டையும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்க. நீச்சலுடையும் எடுத்துக்கொள்க. வழுவன்று. 55 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில் சுமார் 30 லட்சம் சவுனா இருக்கிறது. 2020இல் அதை யுனெஸ்கோ மரபுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். வீட்டுச் சவுனாவில் அவர்கள் உடையின்றி உட்காருவார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து போகும் பொதுச் சவுனாவிலும் ஓட்டல் குளத்திலும் நீச்சலுடை வேண்டும். பனிநாட்டுக்குக் கொண்டுபோவனவற்றில் மிகச் சிறியதும் மிகுதியாக மறக்கப்படுவதும் அதுவே.

உறுப்பியல்

விரலும் செவியும் மூக்கும் முதற்கண்
குளிர்படும் ஆகலின் கூடுதல் பேணுக.

குளிர் கூடும்போது உடல், நெஞ்சையும் வயிற்றையும் காக்க, ஓரத்து உறுப்புகளுக்குப் போகும் இரத்தத்தைச் சுருக்கிவிடும். கருவூலத்தைக் காக்க எல்லைப்புற ஊர்களைக் கைவிடும் அரசனைப் போல. ஆகவே எல்லைப்புறத்துக்கு நாம்தான் படை அனுப்ப வேண்டும்.

கால்: காலணி வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். கடையில் தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு காலை நுழைத்து, கால்விரல்களை மடக்கி விரித்துப் பார்க்க வேண்டும். விரல்கள் தாராளமாக அசைந்தால் அது காலணி. அசையாவிட்டால் அது இடுக்கி. இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறை போடுபவர் காற்றையும் பிதுக்கி வெளியேற்றுகிறார், இரத்தத்தையும் நிறுத்துகிறார். ஒன்று போட்டவரைவிட முன்னதாகவே அவர் கால் மரத்துப்போகும். நடைபாதைப் பனி மிதிபட்டுக் கண்ணாடியாக இறுகிக் கிடக்கும் இடங்களுக்கு, காலணிக்கு அடியில் மாட்டும் பல்வைத்த ரப்பர் பட்டை அங்கே கிடைக்கும். பின்லாந்து வீடுகளிலும் நம்மைப் போலவே வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்; ஓட்டைக் காலுறை அங்கே அம்பலப்படும்.

கை: விரல் பிரிந்த கையுறை அழகு, விரல் சேர்ந்த கையுறை சூடு. நான்கு விரலும் ஒரே அறையில் இருந்தால் ஒன்றின் சூட்டை ஒன்று பகிர்ந்துகொள்ளும். ஆகவே உள்ளே மெல்லியதாக விரல் பிரிந்தது ஒன்று, மேலே தடியாக விரல் சேர்ந்தது ஒன்று. படம் எடுக்க மேலதைக் கழற்றினாலும் உள்ளது இருக்கும். பையில் இரும்புத்தூள் பொட்டலம் இரண்டு போட்டுக்கொள்ளலாம். உறையைப் பிரித்ததும் காற்றுப் பட்டு உள்ளிருக்கும் தூள் துருப்பிடிக்கும், துருப்பிடிக்கும்போது சுடும்.

தலை: உடல் வெப்பத்தில் பாதி தலைவழியே போய்விடும் என்பது நெடுநாள் வழங்கிவரும் கூற்று. உண்மையில் தலையின் பரப்புக்கு ஏற்ற அளவே போகும், அதற்குமேல் இல்லை. அதற்காகக் குல்லாயை விட வேண்டியதில்லை. காது தலையில்தான் இருக்கிறது.

அணிகலன்: உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்தும். கடுங்குளிரில் ஜிமிக்கியும் பெரிய தோடும் காதுமடலைக் குளிரச்செய்யும். கழற்றி வைப்பது நலம். இறுக்கமான மெட்டியும் அப்படியே. தாலிச்சரடு அகத்திணையுள் அடங்குவதால் அதற்குத் தடையில்லை.

சில்லறையியல்

சில்லறை என்பதால் சிறிதெனக் கொள்ளற்க. பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

எண்ணெய்: தேங்காயெண்ணெய் 24 டிகிரி அளவிலேயே கட்டியாகிவிடும். லாப்லாந்தின் சூடான அறையே 22தான் என்பதால், குப்பியைக் கவிழ்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் சொட்டு விழாது. வாயகன்ற டப்பாவில் கொண்டுபோனால் விரலால் எடுத்துக்கொள்ளலாம். சூடாக்கிய அறைக் காற்று வறண்டிருக்கும். உதடு வெடிக்கும், புறங்கை வெள்ளைக் கோடு போடும். உதட்டுக்குப் பசையும் தோலுக்குக் கொழுப்பு மிகுந்த களிம்பும் கையெட்டும் பையில் இருக்க வேண்டும்.

மின்பொருள்: குளிரில் பாட்டரியின் வேதிவினை மந்தமாகும். ஐபோனைப் பூஜ்யம் முதல் 35 டிகிரிவரை பயன்படுத்துமாறு அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். மைனஸ் 20இல் ஏரிமேல் 60 சதவீதம் காட்டிய கைப்பேசி பச்சை ஒளி வந்த நேரத்தில் அணைந்துவிடும். அதை உள்சட்டைப் பையில், அதாவது அகப்புறத்தில் வைக்கவேண்டும். பவர்பாங்க் கைப்பையில் மட்டுமே போகலாம், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணிவரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பது ஏறத்தாழ 74 வாட்-மணி, அஞ்ச வேண்டாம். நம்மூர் இரண்டு முனைச் சார்ஜர் அங்குள்ள பொத்தில் போகும். மூன்று முனைப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும்.

காமிரா: இதற்கு வேண்டியது மூடினால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பை ஒன்று, வீட்டில் கொத்துமல்லி போட்டு வைப்போமே, அதுவே. குளிர்ந்த காமிராவை அப்படியே அறைக்குள் கொண்டுவந்தால் அறைக் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். முதலில் லென்ஸின் ஓரம் வெளுக்கும், பிறகு முழுதும் பால்போல் மூடும், துடைக்கத் துடைக்க மறுபடி மூடும்; உள்ளே படிந்ததைத் துடைக்கவே முடியாது. வெளியிலேயே பைக்குள் போட்டு மூடி, அறைக்குள் வந்தபின் ஓரிரு மணி நேரம் திறக்காமல் வைத்தால், ஈரம் பையின்மேல் படியும், காமிரா தப்பும்.

ஒளிதிருப்பி: உட்ஸ்யோகியில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். ரோவனியெமியிலும் டிசம்பரில் பகல் என்பது ஒரு சம்பிரதாயம். இருட்டில் நடப்பவர் ஒளிதிருப்பி அணிய வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துச் சட்டமே சொல்கிறது. கோட்டின் பையிலிருந்து கயிற்றில் தொங்கும் சிறு வில்லைதான். எடை சில கிராம். கறுப்புக் கோட்டு வாங்கியவருக்கு உயிர்காப்பு.

பெட்டியின் சக்கரம்: விமான நிலையத் தரையில் வழுக்கிப் போகும் சிறு சக்கரம் புதுப்பனியில் உருளாது, பனியை உழுது தள்ளிக்கொண்டே வரும். ஹெல்சிங்கியிலிருந்து ரோவனியெமிக்குச் சுமார் 12 மணி நேர இரவு ரயிலில் போகிறவர், நடைமேடையிலிருந்து தூக்கி ஏற்றுவதும் தாமே என்பதை எடைபோடும்போது எண்ணிக்கொள்க.

உணவியல்

நெய்யும் பாலும் ஊனும் நீங்கப்
பொடியே உற்ற துணையெனப் படுமே.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணி பாலில் செய்தவற்றையும் இறைச்சியையும் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய், பால்கோவா, கருவாட்டை விஞ்சும் உப்புக்கண்டம் ஆகியன நீங்கின. கைக்குழந்தைக்கான பால்மாவுக்கு அளவோடு விலக்கு உண்டு. செடிகொடிக்கும் கட்டுப்பாடு: 2019 டிசம்பர் 14 முதல் பழமோ இலையோ எதுவாயினும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். விலக்குப் பெற்றவை ஐந்தே: அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன். இதன்படி அர்ச்சனைத் தட்டில் தேங்காயும் பழமும் எல்லை கடக்கும், வெற்றிலை வாசலில் நிற்கும். கறிவேப்பிலைக் கொத்தும் நிற்கும். தேங்காய்க்கு விலக்கு இருக்கிறதே என்று கொப்பரையை எடுத்துவைக்காதீர்கள். அது தானே தீப்பற்றக்கூடிய பொருட்களின் வரிசையில் இருப்பதால் விமானத்திலேயே ஏறாது.

எஞ்சுவன பொடிகள். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம். ஊறுகாய் சரக்குப் பெட்டியில் மட்டும். கைப்பையில் வைத்தால் திரவப் பட்டியலில் சேர்ந்து 100 மில்லிக் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

இவ்வியலில் அறிவு தோற்று அன்பு வெல்லும். புறப்படுவதற்கு முந்தின இரவு, கூடத்தில் பெட்டி. மேலே மாமியார் உட்கார்ந்திருக்கிறார். மகன் ஜிப்பை இழுக்கிறான். மருமகள் தொங்கு தராசை மாட்டித் தூக்குகிறாள். 24.3 காட்டுகிறது.

“இன்னும் ரெண்டு கிலோ போகும்னு சொன்னியேடா?”

“அது அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிம்மா. அப்புறம் நீ நார்த்தங்காய வச்சே.”

“ஒரு வாரம் ரொட்டியத் தின்னுட்டு வருவீங்க. அந்தக் குளிர்ல நார்த்தங்காய் இல்லாம எப்படி?”

“அத்தை, அந்தக் கம்பளிப் போர்வைய எடுத்துடட்டுமா?”

“அதுவும் வேணும்மா. அங்க குளிருமாமே.”

இதில் மருமகள் கூற்றே சித்தாந்தம். போர்வை கேள்விக்குளிருக்கு வைத்தது. ஓட்டலில் போர்வை இருக்கிறது. நார்த்தங்காய் மெய்யான பசிக்கு வைத்தது. ஓட்டலில் நார்த்தங்காய் இல்லை. இரண்டில் ஒன்று இறங்கவேண்டும் என்றால் இறங்கவேண்டியது போர்வை.

மூடலியல்

பெட்டி கட்டுவோர் மூவகையர். பட்டியல் போட்டு எடுத்துவைப்போர், எடுத்துவைத்துப் பட்டியல் போடுவோர், இரவு பதினொரு மணிக்கு “என்னோடது எங்கே?” என்று கேட்போர். மூவருக்கும் விதி ஒன்றே. கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, “இது எந்தக் குளிருக்கு?” என்று கேட்க வேண்டும். ஈரம், உலர்வு, காற்று, நிலை என்று நான்கில் ஒன்றைச் சொல்ல முடிந்தால் உள்ளே போகட்டும். “இருக்கட்டும், எதுக்கும்” என்பது விடையானால் அது ஐந்தாம் குளிருக்கு உரியது, அலமாரிக்குப் போகட்டும்.

கைப்பையில் ஒரு முழு அடுக்கு இருக்க வேண்டும்: அகம் ஒரு இணை, காலுறை ஒரு இணை, குல்லாய், கையுறை, மருந்து. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டு மறுநாள் வருவது விமானப் பயணத்தில் அதிசயமன்று. அந்த ஒரு நாளும் குளிர் காத்திருக்காது. சிறகுக்கோட்டை உடுத்தியோ கையில் பிடித்தோ ஏறினால் எடையும் குறையும், இறங்கியதும் தேடவும் வேண்டாம். ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டின் தாளும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

புறனடை

இங்கே சொல்லாதனவும் உண்டு: கைக்குழந்தை, மூட்டுவலி, சர்க்கரை நோய், பனிச்சறுக்கு மட்டை. அவற்றுக்குரியதை அவ்வவற்றின் இயல்பறிந்து, மருத்துவரையும் கேட்டுச் சேர்த்துக்கொள்க. ஜிப் மூடவில்லை என்றால் மூன்றாவது ஸ்வெட்டரை எடுத்துவிடுங்கள், இரண்டாவது போர்வையை எடுத்துவிடுங்கள், அப்பாவின் கோட்டையும் எடுத்துவிடுங்கள். கம்பளி உள்ளுடையையும் மாற்றுக் காலுறையையும் மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.